காய் வெந்த தண்ணீர்

மாஸ்டரின் தட்டில் அன்று விழுந்த சுரைக்காய்க்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் தாராளமாக விட்டுக் கொதிக்கவைத்து, அதையும் வடித்து எடுத்த சுரைக்காய். ஒரு வாய் எடுத்து வைத்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன இது?”

“காய்.”

“உப்பு?”

“கூடாதாம்.”

“மிளகாவது ஒரு சிட்டிகை தூவக் கூடாதா?”

“டாக்டரம்மா ஒண்ணுமே கூடாதுன்னுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.”

முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு இதைச் சொல்வதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சொன்னதில் பாதி பொய். அந்தப் பாதி நாக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்த வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுப்படிக்குள் போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அந்த அடுப்படிக்குள் அவள் தனக்காகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாஸ்டர் என்றால் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான். சொந்தமாக ஓட்டல். முதலாளி ஆன பிறகும் யாரும் அவரை முதலாளி என்று கூப்பிடவில்லை. அடுப்படியிலிருந்து வந்த பெயரே நிலைத்துவிட்டது. குழம்பைக் கரண்டியில் எடுத்து, கண்ணை மூடி, நாக்கின் நுனியில் ஒரு சொட்டு வைத்தார் என்றால் எந்தப் பாத்திரத்தில் எது கூட, எது குறைச்சல் என்று புட்டுப் புட்டு வைப்பார். ருசி சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் பெரிய பெரிய சமையல்காரர்கள்கூட வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆனால் ஓட்டலைத் தூக்கி நிறுத்தியது அந்த நாக்கு இல்லை. ஒரு பொடி.

கல்யாணமான புதிதில் மாஸ்டர் வேறொருவர் ஓட்டலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவள் தன் கைக்குத் தோன்றியபடி மல்லி, மிளகு, மிளகாய், இன்னும் என்னென்னவோ வறுத்து ஒரு பொடி இடித்து வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுத்த கணக்கு இல்லை. வறுக்கும்போது வருகிற வாசனையை வைத்தே இது போதும், அது இன்னும் கொஞ்சம் என்று நிறுத்துவாள். ஒருநாள் அதில் கொஞ்சத்தை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப்போன மனிதர், ஓட்டல் குழம்பில் போட்டுப் பார்த்தார். மத்தியானத்துக்குள் பாத்திரம் காலி. மறுநாளும் டப்பா போனது. அப்புறம் தூக்குவாளி போனது. சொந்த ஓட்டல் வைத்தபோது பெயர்ப்பலகையின் கீழே ‘மாஸ்டர் மசாலா’ என்று தனியாக ஒரு வரி எழுதி மாட்டினார். வருஷக்கணக்காக ராவும் பகலும் மண்டையை உடைத்துக்கொண்டு தானே கண்டுபிடித்த பொடி என்று கேட்பவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு வறுப்பதும் இடிப்பதும் அவள். மிளகாய்க் காரம் ஏறி எரிகிற கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அவள்.

முதலில் அவளுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. யார் பேர் இருந்தால் என்ன, நம் வீட்டுக்குத்தானே வருகிறது என்று இருந்துவிட்டாள்.

அந்த விருந்துதான் அவளை அறுத்தது. ஓட்டலைப் பக்கத்துக் கடை வரைக்கும் இடித்துப் பெரிதாக்கியபோது தெரிந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார்கள். ஆள் பற்றாமல் அவளே குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், “மாஸ்டர், வீட்லயும் நீங்கதான் சமையலா, இல்ல அம்மாவா?” என்று கேட்டார். மாஸ்டர் அவளைப் பார்த்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “அவளா? அவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் சில நாளு தீஞ்சு போயிடும்!” என்றார்.

கூடமே குலுங்கிச் சிரித்தது. அவள் பொடி போட்ட குழம்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவின் தோளில் சாய்ந்து நின்ற மகள், பாவாடை கட்டிய சின்னப்பெண், என்ன ஏது என்று தெரியாமலேயே கைதட்டிச் சிரித்தாள். வாளியை இறக்கி வைக்கவும் முடியாமல், நகரவும் முடியாமல் அவள் நின்றாள்.

கைதட்டல் வாங்கிய வசனத்தை மாஸ்டர் விடுவாரா? அதன் பிறகு யார் வந்தாலும், எங்கே போனாலும், அதே வெந்நீர், அதே தீய்ச்சல். அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ ஒன்று போய்ப் படிந்தது.

மாஸ்டருக்குச் சர்க்கரையும் பிரஷரும் ரொம்ப நாளாக இருந்தன. ருசி பார்ப்பதே தொழிலாகிப்போனவர் எதைத்தான் விடுவார்! கால் வீங்கியது, முகம் ஊதியது, படியேறினால் மூச்சு வாங்கியது. பரிசோதித்த டாக்டர், சிறுநீரகம் இரண்டும் பெரும்பகுதி சோர்ந்துவிட்டதென்றும், சாப்பாட்டை ஒழுங்குபடுத்தினால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாமென்றும் சொல்லி, உணவு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் அனுப்பினார். ஓட்டலைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு மாஸ்டர் வீட்டோடு வந்து உட்கார்ந்தார். பொடி மட்டும் பழையபடி வீட்டிலிருந்து போனது.

அந்த டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவள். மேஜை மேல் களிமண்ணில் செய்த காய்களை வைத்திருந்தாள்.

“காய் சாப்பிடணும். காயே வேணாம்னு விட்டுடக் கூடாது. ஆனா காய்ல பொட்டாசியம்னு ஒரு சத்து இருக்கு. நல்ல கிட்னி மிச்சத்தை வெளிய தள்ளிடும். இவருக்குத் தள்ளாது, ரத்தத்துலயே தங்கிடும். அளவு ஏறினா திடீர்னு இதயமே நின்னு போயிடலாம். அதனால உருளைக்கிழங்கு, தக்காளி, கீரை இதெல்லாம் இப்போதைக்கு வேணாம். சுரைக்காய், முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய், குடைமிளகாய், இதெல்லாம் அளவோட சாப்பிடலாம். எதுவா இருந்தாலும் நறுக்கி ஊறவெச்சு, நிறையத் தண்ணியில வேகவெச்சு, தண்ணியக் கொட்டிடணும். ஆவியில வேகவைக்காதீங்க, அதுல சத்து அப்படியே தங்கிடும். கொட்டுற தண்ணிய எதுலயும் சேர்க்கக் கூடாது. நமக்கு ஆகாதது பூரா அதுலதான் இருக்கு.”

“நான் அடுப்புல பாதி ஆயுசைக் கழிச்சவன்மா,” என்று மாஸ்டர் எழுந்தார். “காய் வெந்த தண்ணியக் கொட்டுறவன் சமையல்காரனே இல்ல. ருசியே அதுலதான் இருக்கு.” கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினாள். “ஓட்டல்காரர் இல்லையா, கோவம் வரத்தான் செய்யும். நீங்க கேட்டுக்குங்க. உப்பைத்தான் ரொம்பக் குறைக்கணும். உப்புக்குப் பதிலுன்னு கடையில ஒண்ணு விக்கிறாங்க, அதைத் தொடவே தொடாதீங்க, அதுவே பொட்டாசியம்தான். ஆனா வடிச்ச காயைச் சப்புன்னு குடுக்கணும்னு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் எண்ணெயில பூண்டு வதக்கிப் போடுங்க. மிளகு, சீரகம், இஞ்சி, மேல கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க. ருசியா இருந்தாத்தான் மனுஷன் கட்டுப்பாட்டுல நிப்பார்.”

“சரிங்கம்மா,” என்றாள் அவள்.

வெளியே வந்ததும், “அப்புறம் என்ன சொன்னா?” என்று மாஸ்டர் கேட்டார்.

“ஒண்ணும் சொல்லல. வேகவெச்சு அப்படியே குடுக்கச் சொன்னாங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது.

சுரைக்காய், முட்டைக்கோஸ், மறுபடி சுரைக்காய். எல்லாம் ஒரே வெளுப்பு. கொஞ்சம் சோறு, அதன் பக்கத்தில் துவைத்த துணி மாதிரி காய். டாக்டரம்மா சொன்ன வேலையில் அவள் ஒரு குறை வைக்கவில்லை. மெல்லிசாக நறுக்கினாள், ஊறவைத்தாள், வடித்தாள். ரத்தப் பரிசோதனை ஒவ்வொரு தடவையும் நன்றாக வந்தது. “உங்களை மாதிரி எல்லா வீட்டுலயும் இருந்துட்டா எனக்கு வேலையே இருக்காது,” என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துப் பாராட்டினாள். பக்கத்தில் மாஸ்டர் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, பரிசோதனைச் சீட்டை வெறித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் போட்டு முடித்த பிறகுதான் அவள் தனக்குச் சமைப்பாள். அதைத்தான் அவள் ரொம்ப ரசித்தாள். எண்ணெய் காய்ந்து, வெங்காயம் சிவந்து, பொடி விழுந்ததும் எழுகிற வாசனை கூடத்துக்குப் போய், சாய்வு நாற்காலியில் கிடக்கிறவரின் மூக்கைத் தொடும். நாற்காலி கிரீச்சிடும். அவர் எழுந்து அடுப்படி வாசல் வரைக்கும் வருவார்.

“கொஞ்சம் குழம்புத்தண்ணி மட்டும்... நாக்குல வெச்சுட்டுத் துப்பிடறேன்.”

“ஐயையோ! உங்க உசுரோட நான் விளையாடுவேனா?”

மகள் வேலை பார்க்கிற ஊரிலிருந்து வந்தபோது அப்பாவின் தட்டைப் பார்த்துக் கலங்கிப்போனாள். “ஏம்மா, கொஞ்சம் கூட ருசியா எதுவும் போடக் கூடாதா? பாவம்மா, அப்பா கெஞ்சுறாரு.”

“டாக்டரம்மா சொன்னதைத் தாண்டி நான் என்ன செய்ய? எனக்குத்தான் சமைக்கவே தெரியாதே.”

மகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. புரியட்டும் என்றுதான் இவள் சொன்னாள்.

காய் வடித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட அவளுக்கு மனம் வராது. ஒரு குண்டானில் ஊற்றி ஆறவைத்து, மாடியிலிருக்கும் தொட்டிச் செடிகளுக்கு விடுவாள். அவருடைய காய் தண்ணீரும், தனக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு, கீரைத் தண்ணீரும் எல்லாம் அதே குண்டானில்தான்.

ஒரு வாரம் குண்டானில் தண்ணீர் குறைவதுபோல் இருந்தது. மிளகு டப்பா வைத்த இடத்தில் இல்லை. சின்ன வாணலி, அவள் தொடாத வாணலி, பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் கடைக்குப் போய்விட்டு வந்தால் அடுப்பு மேடை இளஞ்சூடாக இருந்தது. பார்த்தாள். கேட்கவில்லை.

அப்புறம் ஒரு காலை. துவைத்த துணி வாளியோடு மாடிக்குப் போகக் கிளம்பியவள் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். மாஸ்டர் அடுப்பு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாணலியில் அந்தத் தண்ணீர் நன்றாகச் சுண்டிப்போய்க் குழம்புபோல் நுரைத்துக்கொண்டிருந்தது. மிளகும் உப்பும் போட்டிருந்தார். கரண்டியில் எடுத்து, கண்ணை மூடி, நாக்கு நுனியில் வைத்தார். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. அப்புறம் மடக்கு மடக்கென்று குடிக்க ஆரம்பித்தார்.

டாக்டரம்மா சொன்னது அவள் காதில் அப்படியே ஒலித்தது. இதயமே நின்று போகலாம். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும். அவர் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஒவ்வொரு துணியாக உதறினாள். கொடியில் போட்டு, ஓரம் நேராக இழுத்து, கிளிப் மாட்டினாள். அவருடைய வேட்டியை இரண்டு தடவை உதறினாள். வெயில் நன்றாக அடித்தது. குடிக்கட்டும், திருட்டுத்தனமாகத்தானே குடிக்கிறார், நானா ஊற்றிக்கொடுத்தேன், என்று ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. அந்தக் குரல் வேறு யாருடையதும் இல்லை, தன்னுடையது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மிச்சத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

வாணலி காலி. மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், கால் எழவில்லை. “காலு... மரத்துப்போன மாதிரி இருக்கு,” என்றார். நாக்கு குழறியது. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். துடிப்பு வந்தது, நின்றது, யோசித்து யோசித்து வந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், “கடைசியா என்ன சாப்பிட்டார்?” என்று கேட்ட கணமே அவள் கொட்டிவிட்டாள். காய் வெந்த தண்ணீர், உருளைக்கிழங்கும் கீரையும் வெந்த தண்ணீர், சுண்டக் காய்ச்சிக் குடித்தார், ஒரு வாரமாகக் குடிக்கிறார் போலிருக்கிறது. “நல்ல வேளை சொன்னீங்க,” என்று அவர் ஓடினார். ஊசிகள் ஏறின. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் கோணல் மாணலாக ஓடிய கோடு, சாயங்காலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது. ஓடிவந்த மகள் அப்பாவைத் திட்டித் தீர்த்தாள். “அம்மா இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்துறாங்க, நீங்க திருடிக் குடிப்பீங்களா?” மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாடியில் துணி உலர்த்தியதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

மாஸ்டரை வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் அதே வியாதி. மத்தியானம் அவர் மனைவி டப்பாவைத் திறந்தாள். பூண்டு வாசனை. மிளகு. எலுமிச்சை. மாஸ்டர் பட்டென்று தலையைத் திருப்பினார். டப்பாவில் பச்சையும் வெள்ளையுமாக முட்டைக்கோஸ், மேலே எண்ணெய் மினுமினுத்தது.

“அண்ணே, உங்களுக்கு இதெல்லாம் சாப்பிடலாமா?” மாஸ்டரின் குரல் கரகரத்தது.

“ஏன் சாப்பிடக் கூடாது? தண்ணி வடிச்சுட்டுத்தான் தாளிச்சிருக்கு,” என்றார் டிரைவர். “அந்த டாக்டரம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. உப்புதான் கம்மி. பூண்டு, மிளகு எல்லாம் போடலாமாமே. உங்க வீட்டுல சொல்லலையா?”

மாஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் அவருக்காக வெளுத்த சுரைக்காய் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

டிரைவரை ஸ்கேன் எடுக்க அழைத்துப்போன பிறகுதான் கேட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் செஞ்சியா?”

“தெரிஞ்சேதான்.”

“ஏன்?”

அவள் டப்பாவை மூடி, மூடியை அழுத்தினாள். “எனக்கு வெந்நீர் வைக்கத்தானே தெரியும். அதான் வெந்நீர்ல போட்டுக் குடுத்தேன். தீஞ்சுகூடப் போகல பாருங்க.”

மாஸ்டரின் முகத்தில் ரத்தம் ஏறியது, இறங்கியது. “வேடிக்கைக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு...”

“வேடிக்கைதான். நீங்க சிரிச்சீங்க, ஊர் சிரிச்சுது. பெத்த பொண்ணைக்கூட என்னைப் பார்த்துச் சிரிக்க வெச்சீங்க. நான் எப்போ சிரிக்கிறது?” அவள் குரல் உயரவே இல்லை. “இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க அந்தத் தண்ணியக் குடிச்சப்போ நான் வாசல்ல நின்னு பார்த்தேன். தடுக்கல. மாடிக்குப் போய்த் துணி உலர்த்தினேன்.”

கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்தன. “அப்புறம் ஏன் ஓடி வந்தே?”

“தெரியல. உங்களுக்காக வரல. நான் அப்படிப்பட்டவளாயிடுவேனோன்னு பயந்து வந்தேன்.”

 வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

“இப்ப என்ன பண்ணணும்கிற?” என்றார் மாஸ்டர் கடைசியில்.

“அந்தப் பொடி யாரோடதுன்னு சொல்லுங்க. என்கிட்ட இல்ல. எல்லார்கிட்டயும், உங்க வாயால.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

“சாக விட்டாத்தானே?” அவள் குனிந்து அவர் போர்வையைச் சரிசெய்தாள். “நல்லா நறுக்கி, ஊறவெச்சு, வடிச்சு, வேளை தவறாமப் போடுவேன். டாக்டரம்மா என்னைப் பாராட்டிக்கிட்டே இருப்பாங்க. நீங்க நூறு வயசு வரைக்கும் இதையே தின்னுட்டு நல்லா இருக்கணும்.”

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று மட்டும் மாறியது. வடித்த தண்ணீரை அவள் அந்தக் கையோடு சாக்கடையில் கொட்டி, குழாயைத் திறந்து அலசிவிட்டாள். செடிகளுக்கு வெறும் தண்ணீர் போனது. மற்றபடி அதே வெளுப்புச் சுரைக்காய், அதே முட்டைக்கோஸ். மாஸ்டரும் விட்டுக்கொடுக்கவில்லை. நீ செய்வதைச் செய் என்று மருந்து விழுங்குவதுபோல் விழுங்கினார். டாக்டரம்மாவிடம் போட்டுக்கொடுக்கலாம், மகளிடம் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு அவரிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்றுதான். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

அவள் தனக்குத் தனியாக மணக்க மணக்கச் சமைப்பதையும் நிறுத்திவிட்டாள். அவருக்கு இரக்கப்பட்டு இல்லை. மாடியில் கேட்ட அந்தக் குரலுக்குப் பிறகு அவளுக்கு அந்த வாசனை பிடிக்காமல் போயிருந்தது. அவளும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே வெளுத்த காயைத் தின்றார்கள். யார் முதலில் தட்டைத் தள்ளுகிறார்கள் என்று பார்ப்பதுபோல் தின்றார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய தம்பி, ஓட்டல் அடுப்படி ஆட்களை எல்லாம் அழைத்துக்கொண்டு நலம் விசாரிக்க வந்தார். மகளும் வந்திருந்தாள். கூடம் நிறைந்துவிட்டது. தம்பி கையில் ஒரு சுருட்டிய தாள். விரித்துக் காட்டினார். புதிதாகத் திறக்கப்போகிற கிளைக்குப் பலகையாம். மாஸ்டரின் முகம் பெரிதாக, கரண்டியோடு. அதன் கீழே, ‘ஒரு மனிதரின் கைமணம்.’

“எப்படி இருக்கு அண்ணே? உங்க பொடியாலதான் இந்த உசரம். இந்தக் கை இல்லேன்னா நாங்க எல்லாரும் ஏது?”

ஆட்கள் தலையாட்டினார்கள். பரிமாறுகிற ஒருவன் பழைய பழக்கத்தில், “அண்ணி வெச்ச வெந்நீர் குடிச்சே மாஸ்டர் தேறிட்டாரு!” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அடுப்படி வாசலில் நின்ற அவள் அசையவில்லை. கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. திரும்பி உள்ளே போகப் பார்த்தாள்.

“சிரிக்காதீங்கடா,” என்றார், அவள் திரும்புவதைப் பார்த்த மாஸ்டர்.

சிரிப்பு நின்றது.

“பொடி என்னுது இல்ல. அவளோடது. முதல் டப்பாவுலேருந்து இன்னைக்கு நீங்க அடுப்புல போட்டீங்களே, அது வரைக்கும் அவ கை. எனக்கு வறுக்கிற பதம்கூடத் தெரியாது.”

தம்பி சிரித்துவைத்தார். “அண்ணே, என்ன விளையாட்டு...”

“விளையாட்டு இல்லடா!” மாஸ்டர் கத்தினார். கத்தியதில் மூச்சு வாங்கியது, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் பொய் சொன்னேன். பேரும் வாங்கிக்கிட்டு அவளைக் கேலியும் பண்ணினேன். அந்தத் தாளைச் சுருட்டு.”

 மகள் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மகளின் முகம் கோணிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் தான் கைதட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

மாஸ்டரின் மனைவி இந்த நிமிஷத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நடுக்கூடத்தில் வந்து நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றெல்லாம். இப்போது ஒரு வார்த்தையும் வரவில்லை. கண் எரிந்தது. தம்பிதான் எழுந்து வந்து, “அண்ணி, எனக்குத் தெரியாது அண்ணி,” என்றார், கையைப் பிசைந்துகொண்டு. “புதுக் கிளைக்குப் பொடி...”

“இல்ல தம்பி. இருக்கிறதை வெச்சு ஓட்டுங்க. இனிமே நான் இடிக்கிறதா இல்ல.”

“அண்ணி, அது இல்லாம எப்படி...”

“மாஸ்டர் கைமணம் இருக்கே,” என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம்கூட இளகவில்லை. அது அவளுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அவர்கள் போனார்கள். அவள் அடுப்படிக்குள் போனாள். முட்டைக்கோஸை மெல்லிசாகச் சீவி, ஊறவைத்து, கொதிக்கவைத்து, வடித்தாள். அப்புறம் வாணலியை ஏற்றினாள். எண்ணெய் விட்டு, பூண்டைத் தட்டிப் போட்டு, அது பொன்னிறமாகும் வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சீரகம், மிளகு, துளி இஞ்சி. காயைப் போட்டுப் புரட்டி, இறக்கி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். ஒரு கிண்ணத்தில் அளவாக எடுத்துக்கொண்டுபோய் அவர் முன் வைத்தாள்.

மாஸ்டர் ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். கண்ணோரம் ஈரம் கசிந்தது. மென்றுகொண்டே பழைய பழக்கத்தில், “பூண்டு இன்னும் ஒரு சுத்துச் சிவந்திருந்தா...” என்று ஆரம்பித்தார்.

அவள் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

“இல்ல, இல்ல! சரியா இருக்கு. ரொம்பச் சரியா இருக்கு,” என்று கிண்ணத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகள் அழுகையும் சிரிப்புமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் மகள் போனில் கேட்டாள். “அம்மா, இப்பவாவது அப்பா மேல இருந்த கோவம் போச்சா?”

“பாதி போச்சு.”

“மீதி?”

“அது இருக்கட்டும். காலையில எழுந்து இவ்வளவு காயையும் சீவி, ஊறவெச்சு, வடிக்கணும்னா, பாசம் மட்டும் பத்தாதுடி,” என்றாள். அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. போனை அப்படியே மேடையில் வைத்துவிட்டுத் தீயைக் குறைக்கப் போனாள்.